அன்னாசித் தோல் ஐஸ்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவன் நான். பினாங்கில் ஐஸ் விற்கிறேன். ஓய்ந்த நேரத்தில் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

எழுதிக் கிழித்த தொடக்கம் இது: "1931இல் சிக்கந்தர் என்றொரு ஐஸ் வியாபாரி இருந்தான். நல்லவன்தான், ஆனால்..."

அந்த 'ஆனால்'க்குப் பிறகு பேனா நகரவில்லை. (சிக்கந்தர் என்று யாரும் இல்லை. என் பழியைச் சுமக்க நான் கூலிக்குப் பிடித்த ஆள்.)

2

ஹபீபா பீவி கற்பனை இல்லை. பினாங்கின் டத்தோ கிராமாட் பகுதியில் எங்கள் பின்வீட்டில் இருப்பவர், கணவரை இழந்தவர், கல்யாண வீடுகளில் சமைத்துப் பிழைத்தவர். பாசார் சந்தையில் பழக்காரர்கள் சீவித் தள்ளும் அன்னாசித் தோலைத் தரையில் விழுமுன் கூடையில் ஏந்திக்கொள்வார். மூன்று தண்ணீரில் கழுவி, சர்க்கரையும் பட்டையும் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டுவார். அந்தப் பாகைத் தேங்காய்ப்பாலில் கலந்து, ஐஸ்கட்டியும் உப்பும் அடைத்த பீப்பாய்க்குள் டப்பாவில் வைத்து, உறையும்வரை நான் சுழற்றுவேன்.

"தோலுன்னு சொல்லியே வித்திரு தம்பி. மறைச்சா பின்னால பேச்சு வரும்லா," என்றார்.

"சொன்னா யாரு வாங்குவாங்க அக்கா?" என்றேன்.

[இங்கே பாகின் வாசனையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். அடுத்த பகுதிக்குப் போகப் பயந்து எழுதியது அது.]

3

ஒரு கல்யாணம். சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். ஒருவர் கையெடுத்தால் மற்ற மூவரும் எடுத்துவிடுவார்கள். ஐஸையும் நான் சஹனிலேயே பரிமாறினேன். முட்டாள்தனம். கிண்ணத்தில் கொடுத்திருந்தால் ஒருவரோடு போயிருக்கும்.

பெண்கள் பக்கம் யாரோ பக்குவம் கேட்க, ஹபீபா பீவி உள்ளதைச் சொல்லிவிட்டார். செய்தி ஆண்கள் பந்திக்கு வந்தது. மாப்பிள்ளையின் பெரிய தகப்பனார் கமாலுதீன் என்னைக் கூப்பிட்டார்.

"என்னா தம்பி, குப்பைல போடுற தோலா இது?"

கையை எடுத்தார். அவர் சஹனில் மூவரும் எடுத்தார்கள். பிறகு அடுத்த சஹன், அதற்கடுத்தது. பந்தி முழுக்க என்னைப் பார்த்தது.

"எனக்குத் தெரியாது மாமா. பாகு காய்ச்சினது அந்த அம்மா. சத்தியமா பழம்னுதான் நெனச்சேன்."

சத்தியம் வேறு செய்தேன். இதை எழுதும்போது வெட்கத்தில் கூசிப்போகிறேன்.

ஹபீபா பீவி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் அவரைச் சமைக்கக் கூப்பிடவில்லை. என் ஐஸ் மட்டும் விற்கிறது. இப்போதும் தோல் பாகுதான், பழம் என்று சொல்லி விற்கிறேன். நானே காய்ச்சுகிறேன்.

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சிக்கந்தர் அவர் வாசலில் போய் அழுகிறான். நன்றாகத்தான் வந்தது. நான் போகவில்லையே என்று கிழித்தேன். இன்னொன்றில் அவர் மன்னித்து... அதை எழுத எனக்கு என்ன உரிமை?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹபீபா பீவி அவருடைய பெயர் அல்ல. அவர் மானத்துக்காக மாற்றினேன் என்று பத்திரிகைக்காரரிடம் சொன்னேன். அதுவும் பொய். உண்மைப் பெயரைப் போட்டால் நான் யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும்.

அன்று சஹனிலிருந்து கையெடுத்தவர்கள் இதைப் படிக்கலாம். உங்களுக்கு அவர் வீடு தெரியும். அடுத்த கல்யாணத்துக்குச் சமைக்க அவரைக் கூப்பிடுங்கள். தோல் என்று தெரிந்தேதான் செய்தானா என்று என்னைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்வார். பிறகு என்னிடம் வாருங்கள். இந்த முறை மறுக்க மாட்டேன் என்று எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.