நலம் விசாரித்த கெட்டில்

நவம்பர் 12, புதன்கிழமை

நேற்றைய பக்கத்தின் தலையிலும் புதன்கிழமை என்றே எழுதியிருக்கிறேன். நேற்று செவ்வாய். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். எனக்கு ஒரே வாரத்தில் இரண்டு கிடைத்திருக்கின்றன. இப்படி ஒரு பிழை கண்ணில் பட்டால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்தைச் சுருக்கிப் போடுவது என் வழக்கம். வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் எங்கள் சர்வீஸ் சென்டரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பழகிய முறை அது. இன்றைக்குக் கோடு போடவில்லை. ஏன் போடவில்லை என்பதை வரிசையாக எழுதிப் பார்க்கப் போகிறேன். வரிசையாக எழுதுவதுதான் என் குற்றம் என்று நேற்று தெரியவந்தது, இருந்தாலும் எனக்கு வேறு விதமாக எழுத வராது.

நேற்று மாலை, வேலை முடிந்து நான் போகும் சான்றிதழ் வகுப்பில் கட்டுரைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்த வாரத் தொழில்நுட்பச் செய்தி ஒன்றைப் பற்றி உங்கள் கருத்தை எழுதுக என்பது தலைப்பு. நான் எடுத்துக்கொண்டது பேசும் கெட்டில். தண்ணீர் ஊற்றிப் பொத்தானை அழுத்தினால், கொதிப்பதற்கு முன் "இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்கும் மின்சாரக் கெட்டில். தனிமையில் வாடும் மனிதகுலத்துக்கு இது ஒரு தோழன் என்று செய்தியில் போட்டிருந்தார்கள். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெந்நீர் வைக்க இணையத் தொடர்பு எதற்கு, தொடர்பு அறுந்தால் குளிர்ந்த நீரோடு உட்கார்ந்து என்ன செய்வது, ஒரு பாத்திரம் என்னிடம் நலம் விசாரிக்கும் அளவுக்கு நான் என்ன பாவம் செய்தேன், இதைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் யார் என்றெல்லாம் மூன்று பக்கம் எழுதினேன். நடுவில் மாமா சொன்ன ஒரு வரியையும் மேற்கோளாகச் சேர்த்துக்கொண்டேன்.

எல்லோருடைய தாளும் வந்தது. என்னுடையது வரவில்லை. வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது டீச்சர் என்னை மேசைக்கு அழைத்தார். கணினித் திரையில் என் கட்டுரை இருந்தது, மேலிருந்து கீழ்வரை சிவப்பாக. எங்கள் மாலை வகுப்புக்குப் புதிதாக ஒரு சோதனை இயந்திரம் வாங்கியிருக்கிறார்களாம். எழுதியது மனிதனா இயந்திரமா என்று அது சொல்லிவிடுமாம். என் கட்டுரை தொண்ணூற்று நான்கு சதவீதம் இயந்திரம்.

நான் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை.

"நான் சொல்லலம்மா. இது சொல்லுது. உன் வாக்கியமெல்லாம் ஒரே அளவா இருக்காம். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லையாம்."

பிழை இல்லாமல் எழுதச் சொன்னது நீங்கள்தானே என்று கேட்க வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தால், கேள்வி அவருக்கும் தெரிந்திருந்தது போலத்தான் இருந்தது. பயிற்சி மையத்தின் இயக்குநர் தாளைப் பார்ப்பதில்லை, இந்தச் சிவப்பைத்தான் பார்ப்பார் என்றார். வியாழக்கிழமைக்குள் மாற்றி எழுதிக்கொண்டு வந்தால் மறுபடி சோதிக்கலாம், இல்லாவிட்டால் இந்தத் தாளுக்குச் சைபர்தான் என்றும் சொன்னார். சைபர் என்றால் இந்த வருடம் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லையென்றால் எங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் காலியாக இருக்கும் இடத்துக்கு நான் விண்ணப்பிக்க முடியாது. பொருட்களோடு பெட்டிக்குள் வரும் பயன்பாட்டுக் கையேடுகளை எழுதுகிற வேலை அது. அந்தக் கையேடுகளை யாரும் படிப்பதில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். நான் படிக்கிறேன். படிக்கிற ஒவ்வொரு முறையும் இதைவிடத் தெளிவாக நான் எழுதுவேன் என்று நினைக்கிறேன். நான் ஆசைப்பட்டுக் கேட்கும் முதல் வேலை அது.

கிளம்பும்போது ஒன்றைக் கவனித்தேன். சிவப்புக்கு நடுவே ஒரே ஓர் இடம் வெள்ளையாக இருந்தது. இயந்திரம் மனிதன் எழுதியது என்று ஒப்புக்கொண்ட ஆறு சதவீதம். குனிந்து படித்தேன். "கொதிக்கிற தண்ணிக்கு வாய் எதுக்கு? ஏற்கெனவே சத்தம் போடத்தான செய்யுது?" மாமாவின் வரி. முழுக் கட்டுரையிலும் என் சொந்த வார்த்தை இல்லாத ஒரே இடம்.

பேருந்து நிறுத்தத்தில் பார்சல் வந்து பக்கத்தில் நின்றார். கூரியரில் வேலை பார்ப்பவர், எங்கள் வகுப்பு, எல்லோரும் அவரைப் பார்சல் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குக் கிடைத்தது மூன்றே சதவீதம். எப்படி என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். முழுவதையும் இயந்திரத்தை விட்டே எழுதவைத்து, அப்புறம் கொஞ்சம் தப்புத் தப்பாக எழுதித் தரும்படி அதனிடமே கேட்டுக்கொண்டாராம். நாள் முழுக்க மாடி ஏறி இறங்குகிறவருக்கு எழுத எங்கே நேரம்? அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். என்னுடையதையும் சரி செய்து தருவதாகச் சொன்னார்.

"ரெண்டு பிழை போடு. நடுவுல எங்கயாவது 'அட கடவுளே'ன்னு ஒண்ணு சேத்துக்க. மனுஷியாயிடுவ."

வீட்டில் மாமா சாப்பாட்டு மேசையில் போனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் அம்மாவின் தம்பி, பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவர். மாலையில் தொழில்நுட்பச் செய்திகளைப் படித்து ஒவ்வொன்றுக்கும் தீர்ப்புச் சொல்வது அவருடைய பொழுதுபோக்கு. பல் தேய்த்து முடித்ததும் மதிப்பெண் போடும் பிரஷ் வந்திருப்பதாக நேற்றைய செய்தி. என் வாயில் எனக்கே பரீட்சையா என்று அதற்குத்தான் கத்திக்கொண்டிருந்தார். நான் என் கதையைச் சொன்னதும் பிரஷ்ஷை விட்டுவிட்டார். இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்க இயந்திரமா, திருடனைக் கூப்பிட்டுச் சாவியையும் கொடுத்து ஊருக்குக் காவலும் வைத்த கதையாக இருக்கிறதே என்றார். நான் எடுக்கிற எக்ஸ்ரேயில் பல்தான் தெரியும், அந்தப் பல்லைக் காட்டிச் சிரித்தவன் யோக்கியனா என்று தெரியாது, தெரியும் என்று நான் சொன்னால் என்னை வேலையை விட்டுத் துரத்துவார்கள் என்றார். கடைசியாக ஆறு சதவீத விஷயத்தைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்த விதத்தைப் பார்த்து அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இத்தன வருஷத்துல இவன மனுஷன்னு ஒத்துக்கிட்டது அந்த மிஷின் ஒண்ணுதான்."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஆனால் டைரியைத் திறந்து நேற்றைய பக்கத்தை எழுத உட்கார்ந்தபோது சிரிப்பு போய்விட்டது. ஒருவேளை இயந்திரம் சொல்வது சரியாக இருந்தால்? ஐந்து வருடமாகக் கவுண்டரில் பழுதுச் சீட்டு எழுதுகிறேன். ஒவ்வொரு சீட்டுக்கும் மூன்று வரி. பொருள் இப்போது என்ன செய்கிறது, என்ன செய்ய வேண்டும், பழுதாவதற்கு முன் என்ன நடந்தது. பெயரடை கூடாது, புலம்பல் கூடாது, "ரொம்ப" என்ற வார்த்தை கூடவே கூடாது. அப்படி எழுதி எழுதி என் கை அச்சாகிப்போயிருக்கலாம். என் கோபம்கூட மூன்று வரியாகத்தான் வெளியே வருகிறது. இந்த யோசனையில்தான் செவ்வாய்க்குப் புதன் என்று போட்டிருக்க வேண்டும்.

இனி இன்றைக்கு. காலையில் கூட்டம் இல்லை. பார்சல் சொன்னபடி செய்து பார்க்கலாம் என்று கவுண்டருக்கு அடியில் கட்டுரையை வைத்துக்கொண்டு முதல் பத்தியில் ஓர் ஒற்றெழுத்தை எடுத்தேன். வாக்கியம் நொண்டியது. இரண்டாவது பத்தியில் "அட கடவுளே" என்று எழுதினேன். என் கையெழுத்தில் யாரோ வந்து உட்கார்ந்து கால்மேல் கால் போட்டது மாதிரி இருந்தது. அந்த நேரத்தில்தான் ஒருவர் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்து, துண்டில் சுற்றிய ஒன்றைக் கவுண்டர் மேல் வைத்தார். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, ஒரு பக்கம் மட்டும் மடித்த கை. துண்டைப் பிரித்தால் உள்ளே பேசும் கெட்டில்.

இதை வாங்குகிறவர்கள் யார் என்று கட்டுரையில் கேட்டிருந்தேன். எதிரே நின்றார்.

சீட்டை எடுத்தேன். தண்ணீர் கொதிக்கிறதா என்றேன். நன்றாகக் கொதிக்கிறது என்றார். கசிகிறதா, ஷாக் அடிக்கிறதா, விளக்கு எரியவில்லையா? எதுவும் இல்லை. அப்படியென்றால் பழுது என்ன என்று கேட்டேன். அவர் எனக்குப் பின்னால் இருந்த மின்விசிறி விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"கேக்க மாட்டேங்குது."

புரியாமல் விழித்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நலம் கேட்கும் என்று சொல்லித்தானே விற்றார்கள், கேட்கவில்லை என்றால் அது பழுதுதானே, சும்மா கொதிக்க வைப்பதென்றால் வீட்டில் பாத்திரம் இல்லையா என்றார். வசதிக்குக் காசு வாங்கிவிட்டு வசதி இல்லை என்றால் என்ன நியாயம் என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. முதல் வரி எழுதினேன். நீர் கொதிக்கிறது. இரண்டாவது வரி எழுதினேன். கொதிப்பதற்கு முன் நலம் கேட்க வேண்டும். மூன்றாவது வரிக்கு, அது கேட்பது நிற்பதற்கு முன் நீங்கள் ஏதாவது செய்தீர்களா, கீழே போட்டீர்களா, அடிப்பாகத்தில் தண்ணீர் பட்டதா என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

அவர் துண்டை மடித்தார். பிரித்து மறுபடியும் மடித்தார்.

"தினமும் கேக்கும், நல்லா இருக்கேன்னு சொல்லிட்டுப் போயிடுவேன். போன வாரம் ஒரு நாள், நல்லா இல்லன்னு சொன்னேன். அதுக்கப்புறந்தான் கேக்கறதில்ல." கெட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டு, "அதனால இருக்குமாம்மா?" என்றார்.

பார்த்துச் சொல்கிறோம் என்றேன், அதுவும் சீட்டில் அச்சடித்த வார்த்தைதான். மூன்றாவது வரியை எழுதினேன். "வாடிக்கையாளர், நன்றாக இல்லை என்று பதில் சொன்னார்." அவர் தலைகீழாகவே அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போன் நம்பரைக் கொடுத்துவிட்டு, துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

உள்ளே மெக்கானிக் அண்ணனிடம் கொடுத்தேன். ஒருமுறை கிரைண்டரைத் தொட்டுத் தூக்கி எறியப்பட்டதிலிருந்து அவருக்கு ஷாக் அண்ணன் என்று பெயர். கெட்டிலைத் திறக்கக்கூட இல்லை. கெட்டிலைச் செய்த கம்பெனியின் அறிவிப்பைப் போனில் எடுத்துக் காட்டினார். போன வாரத்திலிருந்து நலம் விசாரிக்கும் வசதி மாதச் சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும். கட்டாதவர்களுக்கு வெறும் வெந்நீர். உறவை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்கிறோம் என்று அதற்குத் தலைப்பு வேறு.

"பழுதில்லன்னு எழுதிக் குடுத்துரு தங்கச்சி. நம்ம கணக்குல இது பழுதுல வராது."

கெட்டில் கேட்பதை நான் கேலி செய்தேன், செய்ததில் இப்போதும் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஒரு மனிதனைத் தினமும் எப்படி இருக்கிறாய் என்று கேட்டுப் பழக்கிவிட்டு, அவன் ஒருநாள் வாய் திறந்து உண்மையைச் சொன்ன வாரத்தில், இனிமேல் கேட்பதற்குப் பணம் கட்டு என்று வாயை மூடிக்கொள்வதற்கு என்ன பெயர்? தான் சொன்ன பதிலால்தான் அது பேச்சை நிறுத்திக்கொண்டது என்று நினைத்து ஓர் ஆள் ஒரு வாரமாகத் தன் வீட்டில் வெந்நீர் வைத்துக் குடித்திருக்கிறார். என்னுடைய மூன்று பக்கத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை. செய்தியிலும் இல்லை. தோழன் என்றுதான் போட்டிருந்தார்கள்.

பழுது இல்லை என்ற கட்டத்தில் டிக் போடவில்லை. பழுது உண்டு என்பதில் போட்டேன். மேலாளர் கேட்டால் இரண்டாவது வரியைக் காட்டுவேன்.

மாலை வீட்டுக்கு வந்து சொன்னபோது, மாமா முதல் தடவையாக ஒரு செய்திக்கு உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. பிறகு, அந்தாளோட நம்பரக் குடு, சந்தா இல்லாம நானே கேக்கறேன் என்றார். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது வேடிக்கை இல்லை. அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

சாப்பிட்டுவிட்டுக் கட்டுரையை எடுத்தேன். "அட கடவுளே"யை அடித்தேன், எடுத்த ஒற்றெழுத்தைத் திரும்ப வைத்தேன். பழுதுச் சீட்டின் நகல் பையில் இருந்தது. அந்த மூன்று வரிகளைப் படித்துப் பார்த்தேன். சோதனை இயந்திரத்தில் போட்டால் நூறு சதவீதம் சிவப்பாக வரும், சந்தேகமே இல்லை. அதில் மாற்றுவதற்கு எனக்கு ஓர் எழுத்துகூட அகப்படவில்லை. மாற்றி எழுதித் தராவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். டீச்சர் எழுந்து இயக்குநரைக் கூப்பிடலாம், அவர் தாளைப் பார்க்காமலே சைபர் போடலாம். கையேட்டு வேலை வேறு யாருக்காவது போகும். பயமாகத்தான் இருக்கிறது. இரண்டு புதன்கிழமைகளும் அப்படியே இருக்கட்டும், தானாக வந்த பிழை அது.

நாளை, வியாழன் (காலண்டரில் பார்த்துவிட்டேன்):

வகுப்புக்கு முன்னதாகவே போக வேண்டும். பழைய கட்டுரையை மாற்றாமல் கொடுக்க வேண்டும். வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துப்போய், டீச்சருக்கு எதிரே உட்கார்ந்து, அவர் பார்க்கப் பார்க்கக் கெட்டிலைப் பற்றி மறுபடி எழுத வேண்டும். இயக்குநரையும் வந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன், காலையில் கடை திறந்ததும் கெட்டில் கொண்டுவந்தவருக்குப் போன் செய்ய வேண்டும். நீங்கள் சொன்ன பதிலால் அது நிற்கவில்லை என்று சொல்ல வேண்டும். எடுத்தவுடனே கெட்டிலைப் பற்றி ஆரம்பிக்கக் கூடாது. முதலில், எப்படி இருக்கீங்க.