ஓவர் கொடுக்காத கட்டில்கள்

மூன்றாம் வார்டின் ஏழாம் கட்டில், காலை எட்டரை மணிக்கு, டியூட்டி முடிந்து கிளம்பிய நர்ஸின் பின்னாலேயே நடந்து அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வாசல் குறுகல் என்பதால் ஒருக்களித்து நுழைந்து, ஜன்னலோரமாக நின்றுகொண்டது. தலையணையில் தலை பதிந்த பள்ளம் இன்னும் மாறவில்லை. தையற்காரரான கணவர் டேப்பை எடுத்து அளந்தார். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒன்றரை அடி மிஞ்சியது. “பரவால்ல, நடக்கலாம்” என்றார்.

காரணம் அவளுக்குத் தெரியும். ஷிப்ட் முடியும்போது ஒவ்வொரு நோயாளியையும் அடுத்த நர்ஸிடம் சொல்லி ஒப்படைப்பதை அங்கே ஓவர் கொடுப்பது என்பார்கள். ஓவர் கொடுக்காத நோயாளி, கொடுக்காதவளின் பொறுப்பு. இறந்தவர்களை யாரும் ஓவர் கொடுப்பதில்லை. நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். ஆஸ்பத்திரி தொடங்கிய நாளிலிருந்து நடந்துவரும் தவறு அது.

தொற்று பரவிய அந்த வருடத்தில் பதினெட்டுக் கட்டில்கள் வந்தன. தையல் மிஷின் சமையலறைக்குக் குடிபோனது. மகள் கட்டில்களுக்கு அடியில் தவழ்ந்துதான் பள்ளிக்கூடம் கிளம்பினாள். அக்கம்பக்கத்தார் கொஞ்சநாள் வேடிக்கை பார்த்துவிட்டு அலுத்துப்போனார்கள். நர்ஸோ வீட்டிலும் ரவுண்ட்ஸ் போனாள், வெறும் படுக்கைக்குப் போர்வை இழுத்துவிட்டாள், கண்ணோடு கண் மூடவில்லை. ஒரு நிமிடம் பிந்தாதவள் என்பதால் வார்டில் அவளுக்கு மணிக்கூண்டு என்று பட்டப்பெயர். அந்த மணிக்கூண்டு ஒருநாள் செருப்பை மாட்டியபடியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டது. “என்னால முடியல” என்று கணவரிடம் சொல்லி அழுதாள். மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை.

நாலாம் நாள் காலை, அவளிடம் வழக்கமாக ஓவர் எடுக்கும் இளைய நர்ஸ், யூனிஃபார்மும் நோட்டுமாக வந்து நின்றாள்.

“எந்திரிங்கக்கா. ஓவர் குடுங்க.”

“யாரை?”

“எல்லாரையும்தான்.”

மணிக்கூண்டு தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். பத்தாம் கட்டில், பஸ் டிரைவர், மூச்சு வாங்க வாங்க ஜோக் சொன்னவர். அந்த ஜோக்கையும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. இரண்டு பேரும் சிரித்து, பிறகு வெகுநேரம் அழுதார்கள். “சரிக்கா, நான் பாத்துக்கறேன்” என்று இளையவள் கையெழுத்துப் போடப் போட, ஒவ்வொரு கட்டிலாக வெளியே போய் வரிசையில் நின்றது.

“உன் வீட்ல இடம் இருக்கா?”

“ஏற்கெனவே பதினொண்ணு நிக்குதுக்கா. எல்லார் வீட்லயும் நிக்குது. யாரும் வெளிய சொல்லல, அவ்வளவுதான். பிரிச்சுக்கலாம்.”

கடைசியாக ஏழாம் கட்டில். “தண்ணி கேட்டார். ஒரு நிமிஷம் தாத்தான்னு சொல்லிட்டுப் போனேன்.” பேனா காத்திருந்தது. “இவரை நானே வெச்சுக்கறேன்” என்றாள் மணிக்கூண்டு.

மறுவாரம் அவள் வேலைக்குத் திரும்பினாள். சில நாள் தூங்குகிறாள், சில நாள் இல்லை. இப்போதும் ஷிப்ட் மாறும் வேளையில் கட்டில்கள் வீடு மாறும், வண்டிகள் நின்று வழிவிடும். ஜன்னலோரக் கட்டிலின் பக்கத்தில் எப்போதும் ஒரு தம்ளர் தண்ணீர் இருக்கிறது. அது காலியானால், வீட்டில் யார் அருகில் இருக்கிறார்களோ அவர்கள் உடனே நிரப்பிவிடுகிறார்கள்.