மற்ற எல்லோரும் சம்மதித்தால்

1

இந்தக் கதையை என் அக்கா எழுதச் சொன்னாள். கதை எப்படிப் பிறந்தது என்று கேட்டால் எழுத்தாளர்கள் ஒரு ரயில் பயணத்தையோ கனவையோ சொல்வார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பின்னால் மிக்ஸி ஓட, போனில் கத்தினாள்.

"நீதான் கண்டதையும் எழுதுறியே, இதையும் எழுது."

"எதை?"

"உங்க அத்தானை நாங்க கேம்லேர்ந்து தூக்கினதை."

(கண்டதையும் எழுதுகிறேனாம். சொந்த அக்கா.)

"அதை நீயே அவர்கிட்ட பேசித் தீர்த்துக்கலாமே."

"நான் வாயைத் திறந்தாலே 'பரவால்ல, விடு'ங்கறார். மேல பேச விட்டாத்தானே. நீ எழுதினா ஒண்ணு விடாமப் படிப்பார். ஏன் அந்த பட்டனை அழுத்தினேன்னு அவருக்குத் தெரியணும்டா."

மிக்ஸி நின்றது. அவளும் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கு அவர் தேங்க்ஸ் சொன்னதே இல்ல. இப்ப ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தா சொல்றார். வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி."

இவ்வளவுதான் இந்தக் கதையின் பிறப்பு. ஒரு பெண்ணுக்கு அவள் கணவனிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆள் நான். இலக்கியம் என்று நினைத்து உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும்.

2

தொடக்கத்துக்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"துப்பாக்கிகள் முழங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை" — எதுவும் முழங்கவில்லை. ஹெட்போனுக்குள் டப் டப் என்றது, அவ்வளவுதான்.

"மனிதன் காலங்காலமாகத் தன்னவர்களாலேயே" — தூ. இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

"அத்தான் நல்லவர்." தொடக்கத்துக்கு உதவாது. இருந்தாலும் அடிக்க மனம் வரவில்லை, அங்கேயே கிடக்கட்டும்.

விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். அணிக்கு நாலு பேர், அவரவர் வீட்டிலிருந்து இணையத்தில் ஆடுவது. எதிரணியைச் சுட்டு ஒரு கிடங்கைப் பிடிக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் உங்கள் குண்டு உங்கள் ஆள்மேல் பட்டால் ஒன்றும் ஆகாது, புகை மாதிரி ஊடுருவிப் போய்விடும். சில இடங்களில் அது நிஜமாகவே அவரைக் கொல்லும். அதற்கு ஃப்ரெண்ட்லி ஃபயர் என்று பெயர். பெயர் வைத்தவன் வாயில் கெட்ட வார்த்தையே வராது போலிருக்கிறது.

அத்தான் விளையாட்டுக்குள் தனக்கென்று ஒரு ரூம் உருவாக்கி, அதில் இதை ஆன் செய்தே வைத்திருந்தார். "கண்ணை மூடிட்டு சுடறவன் எதுக்கு இங்க வரணும்?" என்பார். அவர் லிஃப்ட் மெக்கானிக். கதவைத் திறந்து இருட்டுக்குள் தலையை விடுவதற்கு முன் லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று பார்க்கிற ஆள்.

அணியில் அவர், அக்கா, டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவர், ஆடிட்டர். (ஆடிட்டர் என்பது பட்டப்பெயர். உண்மையில் அவர் ஆடிட்டர் ஆபீஸ்களுக்குப் பிரிண்டர் பழுது பார்ப்பவர்.) அக்கா பல் லேபில் வேலை செய்கிறாள். அடுத்தவர் வாய்க்குப் பொருந்தும் பல்லை அரிசியளவு கூடக் குறையாமல் இழைத்துக் கொடுக்கிறவள். விளையாட்டில் அவள் பெயர் 'கடைவாய்'. அத்தான் ஹாலில், அவள் படுக்கையறையில். நடுவில் ஒரு கதவு.

3

இந்தப் பகுதிக்கு ஒரு விதி வேண்டும். கதை முழுக்க இதன் தலையில்தான் நிற்கிறது, அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

ஒருமுறை அத்தான் முகம் தெரியாதவர்களின் ரூமில் ஆடப் போனார். புது ஆள் என்று தெரிந்ததும் அவர்களில் ஒருவன் வேண்டுமென்றே அவருடைய குண்டுக்கு முன்னால் வந்து வந்து விழுந்தான். தன் ஆளையே சுடுகிறவன் என்று பழி போட்டு, ஓட்டெடுத்து, சிரித்துக்கொண்டே வெளியே தள்ளினார்கள். அத்தான் மனுஷனாக இல்லை அன்று. திரும்பி வந்ததும் தன் ரூமில் ஒரு விதியை எழுதினார்.

ஒருவரை வெளியேற்ற வேண்டுமானால், மற்ற எல்லோரும் சம்மதிக்க வேண்டும். யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. பதில் சொல்லாமல் இருந்தால் 'வேண்டாம்' என்று பொருள்.

"ஒருத்தர் மனசு வெச்சா போதும், அவன் தப்பிச்சிடுவான் மாப்ள," என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். "நல்ல ரூல் இல்ல?"

நல்ல விதிதான் என்றேன். இப்போதும் நல்ல விதி என்றே நினைக்கிறேன். அதில் இருந்த ஓட்டையை நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. ஓட்டு ரகசியம்தான். ஆனால் ஒருவன் வெளியே வந்து விழுந்துவிட்டால், உள்ளே இருந்த அத்தனை பேரும் அழுத்தினார்கள் என்பதில் என்ன ரகசியம் இருக்கிறது?

4

பிறகு அத்தானின் வலது கை ஒரு லிஃப்ட் கதவின் மோட்டார் பெல்ட்டில் மாட்டியது. இரண்டு விரல்கள் மடங்கவில்லை, மிச்சம் நடுங்கின. கம்பெனி அவரைப் புகார் எடுக்கும் மேசையில் உட்காரவைத்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டு அலறுபவர்களிடம் "பயப்படாதீங்க, ஆள் வந்துட்டிருக்கார்" என்று சொல்ல வேண்டும். அதுவரை அந்த வந்துட்டிருக்கிற ஆள் அவர்தான்.

(இங்கே ஒரு பத்தி அழுகையாக எழுதி, வெட்டிவிட்டேன். அவருக்குப் பிடிக்காது.)

நடுங்கும் கையோடு ஆடினார். குண்டு எதிரியை விட்டுத் தன் ஆட்களைத் தேடிப் போனது. ஒவ்வொரு தடவையும் "சாரி, சாரி" என்றார். முதலில் சிரித்தார்கள். பிறகு ஆடிட்டர், "அண்ணே, அந்த ஃப்ரெண்ட்லி ஃபயரை ஆஃப் பண்ணிடுங்களேன், ஒரு கிளிக்தானே," என்றார்.

"என் கைக்காக ரூலை மாத்தினா, அப்புறம் நான் எதுக்கு ஆடணும்?" என்றார் அத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளி ரூம் ஒன்றோடு போட்டி. ஜெயிப்பதற்கு இவ்வளவு பக்கத்தில் இவர்கள் அதுவரை வந்ததே இல்லை. ஆடிட்டர் கிடங்குக் கதவை எட்டிவிட்டார். பின்னாலிருந்து அத்தானின் குண்டு அவரை வீழ்த்தியது. அடுத்த சுற்றில் அக்கா விழுந்தாள். அதுவும் அத்தான் கை.

"சாரிம்மா," என்றார் ஹெட்போனில்.

"பரவால்லங்க," என்றாள்.

திரையில் ஒரு பெட்டி வந்தது. இவரை வெளியேற்றவா? ஆம், இல்லை. டிரைவிங் ஸ்கூல்காரர்தான் ஆரம்பித்தார் என்று பிறகு தெரிந்தது. கற்றுக்கொள்கிறவன் சுவரில் மோதப்போனால் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துப் பழகிய கால் அவருக்கு. அவரை நான் குறை சொல்லவில்லை.

அத்தானின் திரை கறுத்தது. ஹெட்போனைக் கழற்றினார். கதவுக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் நிதானமாகக் கேட்டது. "இடப்பக்கம் ரெண்டு பேர். வெயிட் பண்ணுங்க. நான் சொன்னதும் வாங்க."

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். சாப்பாட்டைச் சூடு பண்ணினார். தட்டு வைத்தார். படுக்கையறையில் அவள் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தபோது அவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சீங்களா?"

"ம்."

"சாப்பிடு, ஆறிடும்."

5

இப்போது எனக்குத் தலைவலி அக்கா என்ற பாத்திரம். அழுத்தினாள், சரி. ஏன் அழுத்தினாள்? முதல் நாள் போனில் எழுதச் சொன்னவள் காரணத்தைச் சொல்லவில்லை. "நீதான் கதாசிரியனாச்சே, கண்டுபிடி" என்று விட்டாள். நானும் ரோஷத்தில் உட்கார்ந்து யோசித்தேன்.

முதல் வரைவு: அவருடைய நல்லதுக்காக. அவர் இல்லாதபோது மற்ற இருவரும் அவர் கையைக் கேலி செய்தார்கள், அவளுக்குத் தாங்கவில்லை. இன்னும் அசிங்கப்படுவதற்குள் வெளியே எடுத்துவிட்டாள். இதை எழுதி முடித்தபோது என் கண்ணே கலங்கியது. போனில் படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "டிவியில வர்ற பொண்டாட்டி மாதிரி."

இரண்டாவது வரைவு: கோபம். பழைய கணக்கெல்லாம் அந்த ஒரு பொத்தானில்.

"என்ன கோபம்? கை அடிபட்டப்ப சோறு ஊட்டினது யாரு, நீயா? கோபமெல்லாம் கிடையாதுடா."

"அப்ப என்னதான் காரணம்? ஆட்டத்துக்கு அப்புறம் ரூம் உன் பேருக்கு வந்துச்சு இல்ல, அதுக்கா?"

"அவரைத் தூக்கினா அடுத்த ஆள் பேருக்குப் போகும், அது கம்ப்யூட்டர் பண்றது. நான் தினமும் அவருக்கு அழைப்பு அனுப்பறேன். ஹால்ல உட்கார்ந்துக்கிட்டு 'அப்புறம் பாக்கறேன்'ங்கறார்."

அப்புறம் காரணத்தைச் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன். "இதை அப்படியே போடு, பூசி மெழுகாத," என்றாள். அதை இங்கே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அத்தானைப் போய்ப் பார்த்ததுதான் கெடுத்தது.

6

எழுதுகிறேன் என்று அவரிடம் சொல்லாமல் அச்சுக்கு அனுப்ப மனம் ஒப்பவில்லை. ஆபீஸுக்குப் போனேன். நாலு போன், ஒரு மின்விசிறி, சுவரெல்லாம் கட்டடங்களின் முகவரி. எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார், இடது கையால்.

"அவ சொல்லித்தானே எழுதற?"

"ஆமா அத்தான்."

"எழுது. கையைப் பத்தி எழுது, சுட்டதைப் பத்தி எழுது. எனக்கு ஒண்ணுமில்ல. காரணத்தை மட்டும் எழுதாத."

போன் அடித்தது. "பயப்படாதீங்கம்மா. லைட் எரியுதா? அப்ப சரி. ஆள் வந்துட்டிருக்கார்." வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் அத்தான்? தெரிஞ்சா நிம்மதிதானே?"

"எனக்கு நானே ஒரு காரணம் வெச்சிருக்கேன் மாப்ள. அவனுங்க முன்னாடி நான் இன்னும் அசிங்கப்படக் கூடாதுன்னு, என் நல்லதுக்குத்தான் அழுத்தியிருப்பா. அதை வெச்சு ஓட்டிட்டிருக்கேன். அது நிஜமா, இல்லையான்னு நீ சொல்லாத."

"அவ சொல்லணும்ங்கறாளே."

"சொன்னா அவளுக்கு பாரம் இறங்கிடும். எனக்கு?"

"சரி அத்தான்" என்று சொன்னதாக ஞாபகம். அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

7

ஆக, ஒருத்தி சொல் என்கிறாள், ஒருவர் சொல்லாதே என்கிறார். இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள். இரண்டு பேரும் இதைப் படிப்பார்கள். என்னை எதற்கு இந்த வம்பில் மாட்டிவிட்டார்கள் என்று எரிச்சலாக வருகிறது.

நான் செய்யக்கூடியது இவை.

(அ) கதையை ஆறாம் பகுதியோடு நிறுத்துவது. டீயோடு முடியும். மென்மையான முடிவு, பத்திரிகைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

(ஆ) அக்கா தந்த காரணத்தை மாற்றி, அத்தான் வைத்திருக்கும் காரணத்தையே அவள் வாயில் போடுவது. குடும்பம் பிழைக்கும். அவள் என்னோடு பேச மாட்டாள், ஆனால் அதற்கெல்லாம் நான் பழகியவன்.

(இ)

அத்தான் இங்கே வருவதற்குள் ஐந்தாம் பகுதியைப் படித்திருப்பார் என்பது இப்போதுதான் உறைக்கிறது. அவர் வைத்துக்கொண்டிருக்கும் காரணத்தைக் கேட்டுத்தான் அக்கா டிவி பொண்டாட்டி என்றாள். அந்த வரியை வெட்டினேன். படித்துப் பார்த்தேன். கதை படுத்துவிட்டது, உயிரே இல்லை. திரும்பச் சேர்த்தேன். இன்னொரு முறை வெட்டினேன், இன்னொரு முறை சேர்த்தேன். வெட்டச் சொல்லி உள்ளே ஒரு குரல் கேட்காமல் இல்லை. கேட்டது. ஆனால் இந்தக் கதை நன்றாக வந்துகொண்டிருந்தது, அத்தான். ரொம்ப நாளைக்கு அப்புறம் எனக்கு ஒன்று நன்றாக வந்துகொண்டிருந்தது.

நீங்கள் இங்கே நிறுத்திவிடுங்கள். இதுவரை படித்தது போகட்டும். மீதி உங்களுக்கு இல்லை.

மற்றவர்களுக்கு, அக்கா சொன்னது, சொன்னபடியே:

"அவர் நல்லதுக்கும் இல்ல, கெட்டதுக்கும் இல்ல. பொட்டி வந்துச்சு. இவர் இல்லேன்னா ஜெயிச்சிடுவோம்னு தோணுச்சு. அழுத்திட்டேன். அது என் புருஷன்ங்கறதே அந்த நேரத்துல ஞாபகம் இல்லடா. கடைசி ஆளை நான்தான் சுட்டேன். அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. இப்ப நெனைச்சாலும், அவர் மூஞ்சியைப் பார்க்கறவரைக்கும் சந்தோஷமாத்தான் இருக்கு."

இதை அனுப்புவதா, வெட்டுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பத்திரிகை ஆசிரியருக்கு நாளை கொடுக்க வேண்டும். நீங்கள் இதை அச்சில் படிக்கிறீர்கள் என்றால் நான் வெட்டவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். அத்தான் நிறுத்தினாரா, கடைசிவரை படித்தாரா, படித்துவிட்டு அந்தக் கதவைத் திறந்தாரா, இல்லையா, உங்களுக்குத் தோன்றியபடி முடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கென்ன, பக்கத்தைப் புரட்டிவிட்டால் முடிந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குச் சாப்பிடப் போக வேண்டியவன் நான்.