கொக்கு ஐயா

என் தம்பிக்கு நகரத்தில் ஒரு சோலார் கம்பெனியில் வேலை. பேனல் மாட்டுவதில்லை. எந்த ஊரில் எந்தச் சட்டம் குறுக்கே வரும், யார் கொடி பிடிப்பார்கள், யாரை எப்படிச் சரிக்கட்டலாம் என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்துச் சொல்கிற வேலை. அதற்குச் சம்பளம், கார் வேறு.

எங்கள் ஊருக்கு வடக்கே இருக்கும் மேய்ச்சல் நிலத்தை அவன் கம்பெனி கேட்டது. அரசாங்கக் கணக்கில் அது தரிசு. என் மாடுகளுக்கும் ஊரில் பாதிப் பேருக்கும் அதுதான் பிழைப்பு. அங்கே வேலி போட ஊர் மன்றம் சம்மதிக்க வேண்டும். மன்றத்தில் நாங்கள் ஏழு பேர். நானும், ஆட்டுப்பண்ணைக்காரரும், அவர் பேச்சைத் தட்டாத இருவரும் எதிர்ப்பு. நாலு கை இருந்தால் நிலம் தப்பிக்கும்.

போன மாதம் தம்பி வந்தான். "நம்ம ஊரு என் கையில இல்லக்கா. வேற ஆளு பாக்குறாரு," என்றான். நம்பினேன். கூடப் பிறந்தவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது? அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுத்தபடியே ஊர்க்கதை கேட்டான். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. மன்றத் தலைவர் மனைவி கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டார் என்றேன். ஆட்டுப்பண்ணைக்காரரையும் விடவில்லை. பிடிவாதம் வந்தால் ஒற்றைக் காலில் நிற்பார் என்பதால் அவருக்கு நான் வைத்த பெயர் கொக்கு. எங்கள் வீட்டுக்குள் மட்டும் புழங்குகிற பெயர் அது.

"கொக்கு இந்தத் தடவையும் இறங்காதா?" என்றான்.

"அவரு ஆட்டுக்கு மட்டும் ஒரு வழி விட்டா இறங்கிருவாரு. அது யாருக்குத் தெரியும்?" என்று சிரித்தேன். அவனும் சிரித்தான்.

நேற்று மன்றக் கூட்டம். கம்பெனி அதிகாரி வந்திருந்தார், ரொம்ப மரியாதையான மனிதர். தலைவர் வீட்டம்மா பெயரில் ஒரு தையல் கூடம் கட்டித் தருவதாகச் சொன்னார். அப்போதே எனக்கு ஏதோ உறுத்தியது. அடுத்து எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினார்.

"இங்க கொக்கு ஐயா யாருங்க? அவரு ஆடுகளுக்குத் வேலியில தனி கேட்டும் பாதையும் விட்டுத் தர்றோம்."

அது பட்டப்பெயர் என்று பாவம், அவருக்குத் தெரியவில்லை. கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆட்டுப்பண்ணைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"யாரு வச்ச பேரு இது?"

என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. "நான்தாண்ணே. வீட்ல விளையாட்டாச் சொன்னது."

"என் ஆட்டுக்கு வழி விட்டா நான் அடங்கிருவேன்னும் நீதான் சொன்னியாம்மா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"சரி. அப்படியே இருக்கட்டும். எனக்கு அந்த வழி போதும்," என்று உட்கார்ந்துவிட்டார். அவரோடு அந்த இரண்டு கைகளும் போயின.

டீ குடிக்கக் கொஞ்ச நேரம் விட்டார்கள். வாசலுக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டேன். "ஏன்டா இப்படிப் பண்ணின? உங்க அதிகாரி கூட்டத்துல கொக்கு ஐயான்னே கூப்பிட்டாரு."

"அந்த ஆளு பேரைப் போட்டு உடைப்பாருன்னு நினைக்கலக்கா," என்றான். அவன் வருத்தமெல்லாம் அதற்குத்தான். "ஆனா உன்னை எதுலயும் மாட்டிவிடல."

"எப்படி?"

"உன்னைப் பத்தியும் கேட்டாங்க. அக்காவால ஒரு தொந்தரவும் வராது, நான் சொன்னா கேட்டுக்கும்னு சொல்லிட்டேன்."

ஊரை விற்றவன் என்னை இனாமாகவே கொடுத்திருக்கிறான். அழக்கூட வரவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள். ஆதரிப்பவர்கள் என்றதும் ஆறு கைகள் எழுந்தன. நிலம் போனது. எதிர்ப்பவர்கள் இருந்தால் கை தூக்கலாம் என்றார் தலைவர், சம்பிரதாயத்துக்கு.

நான் தூக்கினேன், போன் இருந்த கையை. அதற்குள்ளிருந்து அவன் இன்னும் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.