காரணம் எழுதும் இடம்

ஐஸ் பெட்டி நடையின் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. முன்னால் பிடித்திருந்த ஆள் ஒரு காலைக் கூடத்துக்குள் வைத்துவிட்டான். பின்னால் பிடித்திருந்தவன் இன்னும் தெருவில், பனிக்குள் நின்றுகொண்டிருந்தான். நடுவில் பெட்டியின் விலா சுவரில் உரசி, சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"கொஞ்சம் நிமித்திப் பாருங்கபா" என்றான் எழிலரசன். இரவு ஷிஃப்டிலிருந்து நேராக வந்தவன். கம்பெனிச் சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை.

"நிமித்துனா கண்ணாடி விரிசல் வுட்டுடும் சார். நாலு விரக்கடைதான் இடிக்குது. இந்த மூலைய ஒரு தட்டு தட்டிட்டா போய்டும்."

எழிலரசன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். "தட்டிடலாமாக்கா? அப்பால பூசிக்கலாம்."

கலைமதி அப்பாவின் கட்டிலை ஒட்டி நின்றிருந்தாள். தம்பியின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல அவளுக்குக் கேட்டது. நாகப்பன் இறந்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த வெள்ளைத் துணி, பல்வலிக்குக் கட்டியதுபோல இருந்தது. இந்த வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அவரைக் கேட்டுத்தான் அடித்திருக்கிறார்கள்.

"வேணாம்" என்றாள். "வெளிய எடுக்கச் சொல்லு."

"வெளிய எங்க வெக்கறது? அத்தை பெங்களூர்ல இருந்து வந்து சேர மணி மூணாயிடும். வண்டி போற வழிக்கா இது."

வாசலுக்கு அப்பால் மார்கழிப் பனி, ஏரிப் பக்கமிருந்து வந்து தெருவை நிரப்பியிருந்தது. எதிர்வரிசைக் கடைகளின் மேல்மாடங்கள் மட்டும் பனிக்கு மேலே மிதந்தன. நெசவு வியாபாரிகள் கட்டிய நாற்பத்திரண்டு கடைகள். தேக்குத் தூண்கள், செதுக்கிய நிலைகள், பலகைபலகையாகக் கழற்றி எடுக்கிற கதவுகள்.

பனிக்குள்ளிருந்து எதிர்க்கடை வேல்ராஜ் வந்தான். சங்கரன்கோயில் பக்கத்துக்காரன். ஒரகடத்தில் கம்பெனி லைனில் வேலை பார்க்க வந்து, வாலாஜாபாத் ரோட்டில் பைக்கோடு விழுந்து, வலது கை தோளுக்கு மேல் எழாமல் போனபின் இந்தத் தெருவில் செல்போன் கடை வைத்தவன்.

"ஐயாவ நம்ம கடைக்குக் கொண்டாங்க" என்றான். "பலகைய எடுத்துட்டா மொத்தமும் வாசல்தான். பெட்டி நேரா உள்ள போயிரும்."

எழிலரசன் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தான். வேல்ராஜ் கொடுத்த விண்ணப்பத்தை மூன்று முறை திருப்பி அனுப்பியவர் உள்ளே படுத்திருக்கிறார் என்பது தெருவுக்கே தெரியும்.

"சொந்த வூடு இருக்கசொல்ல அடுத்தவன் கடையிலயா வெப்பாங்க?" என்று உறவில் யாரோ ஒரு பெண் முணுமுணுத்தாள்.

"வெக்கலாம்" என்றாள் கலைமதி.

நாகப்பன் மறைமலை நகரில் வண்டிப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருடம் வரைபடம் சரிபார்த்தவர். ஒரு போல்ட்டின் நீளம் இரண்டு மில்லி மாறினாலும் அந்தத் தாள் அவர் மேசைக்கு வந்துதான் போகும். முன்பு எப்படி இருந்தது, இனி எப்படி இருக்கப்போகிறது, ஏன். 'ஏன்' எழுதாத தாளை அவர் படிக்காமலே திருப்பிவிடுவார். அவர் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தபோதுதான் பேரூராட்சி கடைத்தெருவுக்கு முகப்புக் குழு ஒன்றை அமைத்தது. தெருவின் பழைய முகத்தில் எதை மாற்றுவதானாலும் குழுவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நான்கு பேர் குழு. ஆனால் அவர் சொல்வதுதான் முடிவு. விண்ணப்பத் தாளையும் அவரே கோடு போட்டு வரைந்து கொடுத்தார். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு இடம் விட்டிருந்தார். அதன் தலையில் 'காரணம்' என்று எழுதியிருந்தது.

வேல்ராஜ் பலகைக் கதவை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவு வைக்கக் கேட்டான். முதல் முறை 'கடை அழகாக இருக்க' என்று எழுதினான். இரண்டாம் முறை 'எல்லா ஊரிலும் கண்ணாடிதான்'. மூன்றாம் முறை யாரிடமோ கேட்டு, 'வியாபார அபிவிருத்தி'.

"இதெல்லாம் ஆசைபா" என்றார் நாகப்பன். "காரணம் கேட்டா ஆசைய எழுதிக்கினு வர்ற."

அதன்பிறகு இரண்டு வருடம் இரண்டு பேரும் தெருவுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். வேல்ராஜ் காலையில் ஐயாவுக்கு வணக்கம் வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

இப்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் தெருவின் நடுவில் நின்றார்கள். வேல்ராஜின் மனைவி பூமாரி கடை வாசலில் பலகைகளைக் கழற்றத் தொடங்கியிருந்தாள். ஒல்லியான பெண். முதல் பலகையை மேல்குழியிலிருந்து தூக்கி, இடுப்பில் சாய்த்து, பக்கவாட்டில் நகர்ந்து சுவரோரம் வைத்தாள். இரண்டாவதைப் பிடித்தபோது ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள்.

கலைமதி ஓடினாள். அப்பாவின் உடலை விட்டு இப்படித் தெருவில் ஓடுகிறோம் என்று தெரிந்தும் ஓடினாள்.

"உடு. நான் எடுக்கறேன்."

"ஐயோ, நீங்க போங்கக்கா. நீங்க இப்ப போய்..."

"கைய எடு பூமாரி."

பலகை பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். பனியில் நனைந்து குளிர்ந்திருந்தது. மேல்குழியிலிருந்து அதை விடுவிக்கும் இடத்தில்தான் பாரம் முழுவதும் அடிவயிற்றில் இறங்கியது. இதைத்தான் தினம் இரண்டு வேளை. பதினொரு பலகை. ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது பலகைக்கு எழிலரசன் வந்து மறுமுனையைப் பிடித்தான்.

பெட்டி நேராக உள்ளே போனது.

செல்போன் கடைக்குள் நாகப்பன் படுத்திருந்தார். இரண்டு பக்கச் சுவரிலும் கொக்கிகளில் நூற்றுக்கணக்கான போன் உறைகள் தொங்கின. ரோஜா நிறம், நீலம், மினுமினுப்பு வைத்தவை. மேசை விளிம்பில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போன்களின் சின்னச்சின்ன விளக்குகள் விட்டுவிட்டு எரிந்து, பெட்டியின் கண்ணாடியில் விழுந்தன. அப்பாவின் நெற்றிக்கு மேலே பச்சையாக ஒன்று, தோளருகில் சிவப்பாக ஒன்று. காற்றில் உறைகள் அசைய, அவர் எங்கோ பெரிய மீன்தொட்டியின் அடியில் தூங்குவதுபோல இருந்தது. பழுதுபார்க்கக் கொடுத்திருந்த யாருடைய போனிலோ அலாரம் அடித்தது. ஷிஃப்டுக்குப் போகிறவன் வைத்தது போலும். வேல்ராஜ் பதறிப்போய் அதை அணைத்தான்.

கலைமதி தலைமாட்டில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. விடியற்காலை மட்டும் திரும்பத்திரும்ப வந்துகொண்டிருந்தது.

ஆறு மாதமாக அப்பாவின் கை நடுங்கியது. விண்ணப்பங்களை அவள்தான் வாசித்துக் காட்டுவாள். அவர் சொல்லச்சொல்ல எழுதுவாள். பிள்ளைப்பாக்கத்தில் பேக்கிங் பிரிவில் அவளுக்கு வேலை. ஆறு இருபதுக்கு கம்பெனி பஸ் வரும் முன்பு அரை மணி நேரம் அந்த வேலை நடக்கும். இன்று பதினொரு மணிக்குக் குழுக் கூட்டம் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் பூமாரி வந்து, மடித்த தாள் ஒன்றை அவள் கையில் வைத்துவிட்டு, "அவுகளுக்குத் தெரியாதுக்கா" என்று மட்டும் சொல்லிப் போயிருந்தாள். நாலாவது விண்ணப்பம். காரணம் எழுதும் கட்டம் நிறைந்து, பக்கத்து வெள்ளையிலும் ஏறியிருந்தது.

'பலகை பதினொன்று. என் வீட்டுக்காரருக்குக் கை முடியாது. காலையும் ராத்திரியும் நான்தான் தூக்குகிறேன். புரட்டாசியில் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். வெயிட் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் தன் கையைப் பற்றி யாரிடமும் எழுத மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.'

அவள் வாசித்து முடித்தபின் அப்பா வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தாள். கோயில் ஒலிபெருக்கி தூரத்தில் பாடிக்கொண்டிருந்தது.

"தெனம் எதிர்லதான உக்காந்துகினு இருந்தேன்" என்றார். "அந்தப் பொண்ணு தூக்கறத பாத்துகினுதான் இருந்தேன்."

"சரிப்பா."

"நான் பலகையத்தான் பாத்திருக்கேன் மதி."

அவள் பேனாவை எடுத்தாள்.

"எழுது. மேல இருக்கற செதுக்கு மரம் அப்படியே இருக்கணும். தூண்ல கை வெக்கக் கூடாது. கீழ..." நிறுத்தினார். "கொஞ்சம் சுடுதண்ணி கொண்டா. நெஞ்சு வறண்டு கீது."

டம்ளரோடு அவள் திரும்பியபோது, தாளை 'கீழ' என்ற சொல்லோடு நிறுத்திவிட்டு அவர் போயிருந்தார். தெருமுனையில் பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்தது. அவள் டம்ளரைக் கையில் பிடித்தபடியே பனிக்குள் நடந்து போய், "இன்னிக்கு வரல" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு வந்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பஸ்ஸுக்குள் எல்லோரும் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஏழு வருடம் முன்பு, வாலாஜாபாத்தில் புருஷன் வீட்டிலிருந்து ஒரு கைப்பையோடு அவள் வந்து நின்றபோது அப்பா அதே கேள்வியைத்தான் கேட்டார். "காரணம் இன்னா?" அவள் வலதுகைச் சட்டையை முழங்கைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரைபடத்தைப் பார்ப்பதுபோல, அங்கிருந்த காயத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு தன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மதியம் ஒரு டெம்போ வந்தது. அவளுடைய பீரோ, தையல் மிஷின், கிரைண்டர். அதன்பிறகு ஒரு நாளும் அதைப்பற்றிக் கேட்கவில்லை.

பனி விலகி வெயில் ஏறியது. பன்னிரண்டு மணிக்கு மேல் பேரூராட்சியிலிருந்து காசிராஜன் மாலையோடு வந்தார். குழுவின் தாள்களையெல்லாம் வைத்திருப்பவர் அவர். மாலையைப் போட்டுவிட்டு, இந்தக் கடைக்குள் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று புரியாமல் சுற்றிப் பார்த்தார். புறப்படும்போது கலைமதியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"கேக்கக் கூடாத நேரம்தாம்மா. கூட்டத்த வெள்ளிக்கெழமைக்குத் தள்ளிட்டோம். ஐயா கையில இருந்த தாள் எதுவும் முடிஞ்சுதா?"

"ஒண்ணு பாதியில நிக்குது."

வீட்டுக்குள் போய் அட்டையோடு அந்தத் தாளை எடுத்து வந்தாள். அவர் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். பூமாரியின் எழுத்தைப் படித்துவிட்டு எதிரே பார்த்தார். பூமாரி வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்து இல்லியே. 'கீழ'ன்னு நிக்குது."

"அவ்ளோதான் சொன்னாரு."

"கீழ போடலாம்னு சொல்ல வந்தாரா, கூடாதுன்னு சொல்ல வந்தாரா?"

போடலாம் என்றார் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவருடைய கையெழுத்தைக்கூட அவளுக்குப் போட வரும். நடுக்கத்தோடு போடவும் வரும்.

"சொல்லலீங்க" என்றாள். "தெனம் நான் பலகையத்தான் பாத்திருக்கேன்னு சொன்னாரு. அதுக்கப்புறம்தான் எழுதச் சொன்னாரு."

காசிராஜன் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

"மேல அவரு சொன்னது இருக்கட்டும். கீழ நீங்க எழுதுங்க. எழுதி ஒங்க பேரப் போடுங்க. ஒங்க பேர்லயே கூட்டத்துல வெக்கறேன்."

அவள் சுவரில் அட்டையைச் சாய்த்து வைத்து எழுதினாள். 'கீழே இலேசான மடக்குக் கதவு வைத்துக்கொள்ளலாம். ஒருவரே ஒரு கையால் திறக்கும்படி இருக்க வேண்டும். காரணம் சரியானது.' அடியில் நா. கலைமதி என்று போட்டாள். அவள் எழுத்து, அப்பாவுக்காக எழுதும்போது வருவதைவிடக் கொஞ்சம் சாய்ந்து வந்தது.

மூன்றரைக்கு எடுத்தார்கள். வேல்ராஜ் இடது கையால் பாடையின் ஒரு கொம்பைப் பிடித்து, தெருமுனைவரை தோள் கொடுக்காமலே நடந்தான். கலைமதி கடைசித் தூணருகில் நின்றுகொண்டாள். பறைச்சத்தம் ஏரிக்கரைப் பக்கம் போய்த் தேய்ந்தது. இரண்டாவது ஷிஃப்டுக்குப் போன பஸ் ஒன்று, ஊர்வலத்துக்காக நின்று தாமதமாகி, வெறுமையான தெருமுனையை வேகமாகக் கடந்தது.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். கலைமதி தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தபோது, வெயில் சாய்ந்து நடைவழியாக உள்ளே நீண்டிருந்தது. உறவுக்காரர்கள் அங்கங்கே சுருண்டு படுத்திருந்தார்கள். எழிலரசன் சுடுகாட்டிலிருந்து இன்னும் வரவில்லை.

பூமாரி தூக்குச்சட்டியோடு வந்தாள். அவளும் கடையைக் கழுவிவிட்டுக் குளித்திருந்தாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ரசஞ்சோறுதான் வச்சேன். ஒருவாய் சாப்பிடுங்கக்கா."

தட்டில் பிசைந்து கையில் கொடுத்தாள். கலைமதி வாங்கிச் சாப்பிட்டாள். பசி இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. பூமாரி எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தட்டு காலியாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளைப் பற்றி அவள் கேட்கவில்லை. கலைமதியும் சொல்லவில்லை.

"கடை எப்பத் தெறப்பீங்க?"

"நாளைக்கு இல்லக்கா. ஐயா கெடந்த எடம். நாளான்னைக்குத் தெறக்கலாம்னு அவுக சொல்லுதாக."

"தெறக்கறப்ப கூப்புடு."

பூமாரி தலையை ஆட்டினாள். தட்டையும் தூக்குச்சட்டியையும் எடுத்துக்கொண்டு எழுந்து, படுத்திருந்தவர்களைத் தாண்டித்தாண்டி நடந்து போனாள்.

சிவப்புத் தரையில் அவளுடைய ஈரக் காலடிகள் கூடத்திலிருந்து நடைவரைக்கும் வரிசையாகக் கிடந்தன. கலைமதி கையைக் கழுவாமல் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் முதலில் காய்ந்தன. பிறகு குதிகால்கள். நடுவில் ஒவ்வொன்றிலும் பிறைபோல ஒரு கீற்று மட்டும் வெயிலில் மின்னிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தது.