தூக்கி வளர்த்த நீர்நாய்

மார்ச் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை, விலங்கு மீட்பு நிலையத்தின் பின்முற்றத்தில் ஒரு நீர்நாய்க்கு இரண்டு சோதனைகள் நடந்தன. ஒன்று தண்ணீரில், மற்றொன்று தரையில். இரண்டிலும் தேறினால் ஆற்றில் விடுவார்கள். ஒன்றில் தவறினாலும் மிருகக்காட்சிசாலையின் கண்ணாடித் தொட்டி, ஆயுள் முழுக்க.

அதை வளர்த்தவள் தொட்டியின் விளிம்பில் நின்றாள். கண் திறக்காத குட்டியாகப் பழைய துண்டில் சுற்றி வந்ததைப் புட்டிப்பால் கொடுத்துத் தேற்றியவள். ஆற்றின் எந்த வளைவில் விட வேண்டும் என்றுகூடப் பார்த்து வைத்திருந்தாள். நாணல் அடர்ந்த இடம், மீனுக்குப் பஞ்சமில்லை.

டாக்டர் தொட்டிக்குள் உயிர்மீன்களை விட்டார். நீர்நாய் தலைகுப்புற இறங்கியது. முன்னங்கால்களை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டது. கழுத்தில் தொடங்கிய நெளிவு வால் நுனிவரை ஓடியது. மீன் திரும்புவதற்குள் அது திரும்பியிருந்தது.

"நீச்சல்ல ஒரு குறையும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

"யார் வளர்ப்பு!" என்றான் நிலையத்தின் வண்டி ஓட்டும் அவள் தம்பி. "மாப்பிள்ளைன்னா சும்மாவா?"

மாப்பிள்ளை என்பது அவன் வைத்த பெயர்தான். கூண்டுக்கும் தொட்டிக்கும் நடுவில் சரளைக்கல் முற்றம். முதல்முறை நடக்கவிட்டபோது குட்டியின் பாதம் கிழிந்து ரத்தம் கசிந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை, தூக்கிக்கொண்டாள். புண் ஆறியது, தூக்குவது நிற்கவில்லை. "இறக்கி விடும்மா, ஓடிப் பழகட்டும்" என்று டாக்டர் சொல்லும்போதெல்லாம் இறக்கிவிடுவாள். அவர் தலை மறைந்ததும் அது தோளுக்கு ஏறிவிடும். தம்பி வாளியைத் தட்டிக்கொண்டு பின்னால் வருவான்: "வழி விடுங்க, மாப்பிள்ளை ஊர்வலம் வருது!" அவளும் சிரிப்பாள்.

இப்போது அதே முற்றத்தின் ஒரு கோடியில் அதை இறக்கிவிட்டார்கள். மறுகோடியில் புதர். டாக்டர் காவல்நாயைச் சங்கிலியோடு கொண்டுவந்தார். ஆற்றங்கரையில் தெருநாய்கள் உண்டு. ஒரு மடு வற்றினால் அடுத்ததற்குத் தரைவழியாகத்தான் போக வேண்டும். தண்ணீரில் நெளியும் அதே முதுகைத் தரையில் வில்லாக வளைத்துத் துள்ளி ஓடத் தெரிந்த நீர்நாய்தான் பிழைக்கும்.

நாய் குரைத்தது. மாப்பிள்ளை ஓடவில்லை. வயிறு உரச நாலு எட்டு வைத்தது. கல் குத்தியதும் நின்றது. தொட்டிக்குள் கம்பி போல இருந்த உடம்பு ஈரச்சாக்கு மாதிரிக் கிடந்தது. சுற்றுமுற்றும் பார்த்தது. அவளைக் கண்டதும் பின்னங்கால்களில் எழுந்து, முன்னங்கால் இரண்டையும் நீட்டியது, தூக்கச் சொல்லி.

தம்பிக்குப் பழக்கதோஷத்தில் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான்.

"நாயைப் பாத்துப் பயந்துடுச்சு டாக்டர். இன்னும் கொஞ்ச நாள் குடுங்க, நான் ஓட வெச்சுக் காட்டறேன்" என்றாள்.

"பயந்தா ஓடணும்மா. அது உன்னையில்ல தேடுது? பின்னங்கால்ல சதையே பிடிக்கல. ஓடிப் பழகற வயசும் போயிடுச்சு."

"பாதம் கிழிஞ்சுதே! நீங்கதானே மருந்து போட்டீங்க?"

"போட்டேன். அப்பவே ஆறிடுச்சே."

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "வாளி தட்டத் தெரிஞ்சுதில்ல? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியல?"

"சொன்னா நீ கேட்டிருப்பியாக்கா?"



வெள்ளிக்கிழமை மிருகக்காட்சிசாலைக்குப் போக வேண்டிய வண்டியைத் தம்பி முற்றத்தின் மறுகோடியில் கொண்டுவந்து நிறுத்தினான். வண்டிவரைக்கும் மாப்பிள்ளையை அவள்தான் தூக்கிக்கொண்டு போனாள்.