அஞ்சரைப் படகுக்கு ஆறு பேர்

வெப்சைட் திறந்து முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. இத்தனை நாளில் அதை எட்டிப் பார்த்தவர்கள் மூன்றே பேர்: அவள், அவள் கணவன், அதைச் செய்து கொடுத்த நாத்தனார். நாத்தனார் தினமும் பத்துத் தடவை திறந்து பார்த்ததால், பார்வையாளர் எண்ணிக்கை மட்டும் ஜோராக ஏறிக்கொண்டிருந்தது. அதனால், படகுத்துறை டிக்கெட் கவுண்ட்டரில் அவள் உட்கார்ந்திருந்தபோது போன் 'டிங்' என்றதும், ஏதோ விளம்பரம் என்றுதான் நினைத்தாள்.

விளம்பரம் இல்லை. புக்கிங்.

விமான நிலையத்திலிருந்து படகுத்துறைக்குத் தனி வண்டி. இருபத்தொன்பதாம் தேதி, விமானம் இறங்கும் நேரம் மாலை நாலு. பெரியவர்கள் நாலு பேர், குழந்தைகள் இரண்டு. குழந்தை இருக்கை ஒன்று வேண்டும். கடைசி வரியில், 'அஞ்சரைப் படகைத் தவறவிடக் கூடாது' என்று எழுதி மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தார்கள்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றவர் கேட்டது இரண்டு டிக்கெட். அவள் கிழித்துக் கொடுத்தது ஐந்து. நல்ல மனிதர், மூன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஏதாவது நல்ல சேதியா?" என்று கேட்டார். "ஆமா சார், ஆமா!" என்றாள், அவர் ஏதோ சொந்தக்காரர் மாதிரி.

கணவனுக்குப் போன் போட்டாள். அவன் வீட்டு வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு நாளாக வேறு வேலை என்ன இருந்தது? சக டிரைவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ரேடியோ. சாவியைத் திருகினால் இஞ்சினுக்கு முன்னால் அவன் பேச்சு கிளம்பிவிடும். அப்பேர்ப்பட்டவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஆறு பேரா?" என்றான். அதற்கப்புறம் தண்ணீர் கொட்டுகிற சத்தம்தான் கேட்டது. குழாயை மூடக்கூட மறந்திருந்தான்.

இந்தத் தொழிலுக்கு யோசனை சொன்னவளே அவள்தான். தீவுக்குக் கடைசிப் படகு அஞ்சரைக்கு. ஒன்பது வருஷமாக அந்த ஜன்னல் வழியாக அவள் பார்த்த காட்சி ஒன்றுதான்: பெரிய கம்பெனியின் ஷேர் வேன் ஆள் நிரம்பும்வரை விமான நிலையத்தில் காத்திருந்து, வழியில் ஒவ்வொரு ஓட்டலாக நின்று, படகு கிளம்பிப் போன பிறகு வந்து சேரும். விடுமுறைக்கென்று வருஷம் முழுக்கக் காத்திருந்தவர்கள் தொப்பியும் பெட்டியுமாகத் துறையில் நின்று தண்ணீரை வெறிப்பார்கள். "இறங்கின உடனே கிளம்பற மாதிரி இவங்களுக்குன்னு தனி வண்டி ஒண்ணு இருந்தா?" என்று ஒரு நாள் கணவனிடம் கேட்டாள். கேட்டது தப்பு. அவன் பன்னிரண்டு வருஷமாக ஓட்டியதே அந்த ஷேர் வேனைத்தான். ஒரே மாதத்தில் சீருடையைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏழு பேர் உட்காரும் பழைய வண்டி ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டான்.

பத்து நாள் போனது. ஒரு புக்கிங்கும் வரவில்லை. பதினோராம் நாள், மதியச் சாப்பாட்டு இடைவேளையில், அவள் யாருக்கும் தெரியாமல் பஸ் பிடித்துப் பழைய முதலாளியைப் பார்க்கப் போனாள். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் செலவு செய்யாத மனிதர் அவர்.

"அவர் இடத்துக்கு உடனே வேற ஆள் போட்டுடாதீங்க சார். நான் வந்து கேட்டேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்."

"அடுத்த மாசம் முடிஞ்சு ஒண்ணாம் தேதி வரைக்கும்" என்றார் அவர். அவ்வளவுதான்.

யோசனையும் அவளுடையது, பயமும் அவளுடையது. இரண்டுக்கும் நடுவில் புருஷனைத் தெருவில் நிறுத்திவிட்டோமோ என்று அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது இருபத்தொன்பதாம் தேதிக்கு ஒரு புக்கிங் வந்திருக்கிறது. அது நல்லபடியாக முடிந்தால் ஒன்றாம் தேதியை மறந்துவிடலாம். சொதப்பினால் அவன் மறுபடி அந்தச் சீருடைக்குள் போக வேண்டியதுதான். அதை அவனிடம் சொல்ல வேண்டியவளும் அவள்தான்.

ஆனாலும் அடுத்த ஐந்து நாளும் வீட்டில் கல்யாணக் களை. வெப்சைட்டில் 'குழந்தை இருக்கை இலவசம்' என்று நாத்தனார் தாராளமாக எழுதி வைத்திருந்தாள்.

"சரி, இருக்கை எங்க?" என்றாள் அவள்.

"யாராவது கேட்டா வாங்கிக்கலாம்னு விட்டுட்டேன் அண்ணி."

"கேட்டாச்சு."

ஓடிப்போய் வாங்கி வந்தார்கள். அதைப் பொருத்துவதற்குள் மூன்று பேருக்கும் விரல் நசுங்கியது. பிறகு ஐந்து கிலோ அரிசிப் பையை அதில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு, தெருவை நாலு சுற்றுச் சுற்றினார்கள். அரிசி அசையவில்லை. ரேடியோ விமான நிலையத்துக்கும் படகுத்துறைக்கும் நடுவே ஓட்டிப் பார்த்து நேரம் குறித்தான்: இருபத்தைந்து நிமிஷம், சிக்னல் விழுந்தால் இருபத்தேழு. வழியில் விருந்தாளிகளிடம் என்னென்ன சொல்லலாம் என்று கண்ணாடி முன்னால் ஒத்திகையும் நடந்தது.

"அவங்க ஊர் சுத்த வர்றாங்க, உங்க கதை கேக்க வரல" என்றாள் அவள்.

"கதை இலவசம்னு வெப்சைட்ல போட்டுடலாமா?" என்றான் அவன். வாயெல்லாம் பல்.

இருபத்தொன்பதாம் தேதி கவுண்ட்டரில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

"பேர் எழுதின போர்டை நானே பிடிச்சுக்குவேனே. நீ எதுக்கு?"

"முதல் சவாரி. நான் பாக்காம யாரு பாக்கறது? திரும்பி வரும்போது பஸ்ல வந்துக்கறேன்."

நாத்தனாருக்கு அன்று பரீட்சை. இல்லாவிட்டால் அவளையும் தடுத்திருக்க முடியாது.

வருகை வாசலில் அவளை இறக்கிவிட்டு அவன் வண்டியை நிறுத்தப் போனான். போர்டு பிடித்து நின்றவர்களின் வரிசையில் அவளும் போய் நின்றாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் குதிகாலை உயர்த்தினாள். அறிவிப்புப் பலகையில் விமானம் இறங்கிவிட்டது என்று விழுந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டதில் போர்டே ஆடியது.

நாலே முக்காலுக்கு வந்தார்கள். முன்னால் ஒரு சின்னப் பையன், விமானத்திலேயே ஊதி மாட்டிக்கொண்ட நீச்சல் வளையம் இடுப்பில். பின்னால் அவன் அக்கா, அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி.

"அப்பா, நம்ம பேரு! அங்க பாரு, நம்ம பேரு எழுதியிருக்கு!" என்று அக்காக்காரி கத்தினாள்.

போர்டோடு நின்றவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அந்தச் சிறுமியைத் தூக்கி அணைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. கவுண்ட்டர் குரலை வரவழைத்து வணக்கம் சொல்லி, கணவனுக்குப் போன் போட்டாள்.

"வந்தாச்சுங்க! வண்டியைக் கொண்டாங்க."





"ஒரு சின்னத் தப்பு நடந்துடுச்சு" என்றான். "பேசிக்கிட்டே வந்தேனா..."

"யாரோட?"

"தனியாத்தான். விருந்தாளிங்ககிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். கை தானா திரும்பிடுச்சு. பழைய கம்பெனி வண்டி நிறுத்தற இடத்துக்குள்ள வந்துட்டேன். கேட்காரர் என்னைப் பாத்ததும் சல்யூட் அடிச்சுத் திறந்து விட்டுட்டார். அவருக்கும் பழக்கதோஷம்."

உள்ளே விட்டது கேட்காரர் கை. வெளியே விடுவது இயந்திரம். கம்பெனி அட்டையைக் காட்டினால்தான் தடுப்புக் கட்டை தூக்கும். உள்ளே வரும்போது பதிவான அட்டைதான் வெளியேயும் எடுபடும். அவனுடைய அட்டை சீருடையோடு சேர்ந்து என்றோ திரும்பிப் போய்விட்டது. எந்த நேரத்திலும் கட்டையைத் தூக்கக்கூடிய அட்டை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது பழைய முதலாளியின் கழுத்தில் தொங்கியது.

மணி நாலு ஐம்பது. ஐந்துக்குள் கிளம்பினால்தான் படகு.

"வண்டி பக்கத்துலதான் நிக்குது, வாங்க" என்று தள்ளுவண்டியைத் தானே தள்ளிக்கொண்டு நடந்தாள். நடந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பின்னால் ஆறு பேரும் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். நீச்சல் வளையக்காரனுக்கு அது ஓட்டப் பந்தயம் என்று நினைப்பு. அவன்தான் ஜெயித்தான்.

இருபத்திரண்டு வெள்ளை வேன்களுக்கு நடுவே தன்னந்தனியாக அவர்களுடைய நீல வண்டி நின்றது. ரேடியோ பேசாமல் பெட்டிகளை ஏற்றினான், பையனை இருக்கையில் வைத்து பெல்ட் போட்டான், வண்டியைக் கொண்டுபோய்த் தடுப்புக் கட்டையின் முன்னால் நிறுத்தினான். கட்டை கட்டையாகவே இருந்தது. கண்ணாடி அறையிலிருந்து பழைய முதலாளி எழுந்து வந்தார். அவசரமே இல்லாத நடை.

வண்டியைப் பார்த்தார். உள்ளே உட்கார்ந்திருந்த ஆறு பேரையும் பார்த்தார். டிரைவர் பக்கம் திரும்பாமல், கண்ணாடி இறங்கியிருந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்ற அவளைப் பார்த்துப் பேசினார்.

"வெளிய என் வேன் ஒண்ணு காலியா நிக்குதும்மா. இவங்களை அதுல ஏத்தி அனுப்பறேன், படகு கிடைச்சிடும். நீங்க கேட்டுக்கிட்ட இடமும் அப்படியே இருக்கும், இவர் ஒண்ணாம் தேதி வந்து சேந்துக்கலாம். இல்ல, நீங்களே கூட்டிப் போறோம்னா அட்டையைப் போடறேன். ஆனா போட்டிக்காரருக்குக் கேட்டையும் திறந்து, இடத்தையும் வெச்சிருக்க என்னால முடியாது. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

ஒரு வாரத்துக்கான வார்த்தைகளை அவர் ஒரேயடியாகச் செலவு செய்திருந்தார். அதுவும் ரேடியோவின் காதுக்கு ஒரு முழம் தள்ளி நின்று.

அவளுக்குக் கணவன் பக்கம் திரும்பத் துணிச்சல் வரவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தாள். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி அவன் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் சிவந்திருந்தன.

"ஏதாவது பிரச்சனையாம்மா?" என்று பின் இருக்கையிலிருந்து தாத்தா கேட்டார்.

"இல்ல சார், ஒரு நிமிஷம்."

முதலாளி சொன்னதில் அநியாயம் எதுவும் இல்லை. வெள்ளை வேனில் ஏற்றிவிட்டால் அந்த ஆறு பேருக்கும் நஷ்டம் இல்லை. மாதச் சம்பளம் பத்திரம். இன்னொரு புக்கிங் வர இன்னும் முப்பத்தெட்டு நாள் ஆகலாம், வராமலும் போகலாம். இது அத்தனையும் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் பெல்ட்டுக்குள் உட்கார்ந்து வளையத்தைத் தட்டிக்கொண்டிருந்த அந்தப் பையனைப் பார்த்தபோது, இவர்களை இன்னொருவர் வண்டியில் ஏற்றுவதா என்று அவளுக்கு ஆத்திரமே வந்துவிட்டது. இது என் சவாரி. ஒன்பது வருஷமாக ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து நான் யோசித்த சவாரி. ரத்தமெல்லாம் முகத்துக்கு ஏறியது, பயத்தினால் அல்ல.

"இடம் வேண்டாம் சார்" என்றாள். குரல் அவளே எதிர்பார்க்காத அளவுக்கு ஓங்கி வந்தது. "வேற யாருக்காவது குடுத்துடுங்க. நீங்க அட்டையைப் போடுங்க, படகு போயிடும்."

பழைய முதலாளி ஒரு நொடி அவளையும் அவனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சிரித்தாரா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. குனிந்து அட்டையைக் காட்டினார். கட்டை மேலே எழுந்தது. மணி ஐந்து அடிக்க ஒரு நிமிஷம் இருந்தது. நீல வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் கிளம்பிப் போனது, ரேடியோவும் உட்பட.

அவள் பஸ் பிடித்தாள். ஜன்னலோர இருக்கை கிடைத்தும் வெளியே எதுவும் கண்ணில் படவில்லை. சிக்னலில் சிவப்பு விழும்போதெல்லாம், அங்கேயும் விழுந்திருக்குமோ என்று பதறினாள். மணியைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தாள். ஐந்து இருபது. ஐந்து இருபத்தைந்து. படகு போனால் போகட்டும், அவன் முகத்தில் எப்படி விழிப்பது? தன்னை நம்பவில்லை என்றுதானே நினைப்பான்?

ஐந்து இருபத்தொன்பதுக்குப் போன் அடித்தது.

"ஏத்தி விட்டாச்சு!" என்றான் அவன். பின்னால் படகின் ஹாரன் கேட்டது. "கயிறு அவிழ்க்கறதுக்கு முன்னாடியே! தாத்தா கை குலுக்கினார். திரும்பறதுக்கும் நாமதானாம், ஞாயித்துக்கிழமை காலையில. பையன் வளையத்தைக் கழட்ட மாட்டேங்கறான், பெல்ட்டோட சேத்து இழுக்கறான், அவங்க அம்மா..."

"ஏங்க" என்று அவள் இடைமறித்தாள். "கோவமா?"

அவன் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"உங்ககிட்ட சொல்லாம போய்க் கேட்டேன். பத்து நாளா ஒண்ணும் வரல. எனக்குப் பயமாயிடுச்சு. யோசனை சொன்னவ நான்தானே. நீங்க திண்டாடக் கூடாதேன்னு..."

"நானும் போனேன்" என்றான் அவன்.

"எங்க?"

"அவர்கிட்டதான். நீ போனதுக்கப்புறம் போல இருக்கு. என் இடம் இருக்கான்னு கேட்டேன். 'அதை ஏற்கெனவே ஒருத்தர் கேட்டு வெச்சாச்சு'ன்னார். யாருன்னு சொல்லல. எவனோ ஒருத்தன் என் இடத்தைப் பிடிச்சுட்டான்னு நினைச்சு, வழியெல்லாம் அவனைத் திட்டிக்கிட்டே வந்தேன்."

"என்னன்னு திட்டினீங்க?"

"அதையெல்லாம் போன்ல சொல்ல முடியாது."

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"அப்ப இத்தனை நாளா... திரும்பிப் போக இடமே இல்லைன்னு நினைச்சுக்கிட்டா தினமும் வண்டியைக் கழுவினீங்க?"

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லலியே. ஊர்க் கதையெல்லாம் சொல்றீங்க, இதைச் சொல்லலியே!"

"நீ பயந்துடுவேன்னுதான்" என்றான் ரேடியோ.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சிரிப்புதான் ஜெயித்தது. பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.